வாசலைப் பார்த்த ஆறு

என் வீட்டுக்காரர் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது தோளில் ஒரு குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கை நீளத்துக்குக் கறுப்பாக, இரண்டு முனையிலும் மூடி போட்ட குழாய். ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவரை அழைத்துவரப் போயிருந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் முகம் இல்லை, அந்தக் குழாய்தான். இரண்டு வருஷம் கழித்துக் கடல் தாண்டி வருகிற மனுஷன் என்ன கொண்டு வருவார் என்று வீட்டில் ஆளுக்கொரு கனவு இருந்தது. நங்கையாளுக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, சென்ட் பாட்டில். எனக்கு, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்றாலும், ஒரு நல்ல கத்தரிக்கோல். நான் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். வெளிநாட்டுக் கத்தரிக்கோல் வெண்ணெயில் இறங்குவது போல் துணியில் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமியார் ஒருத்தர்தான் எதுவும் கேட்காதவர். அவன் வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தார். அப்படி இருந்தவரே குழாயைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, பைப்பு நம்மூர்ல கெடைக்காதுன்னா அங்கிருந்து சொமந்துட்டு வந்தே?"

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. என் வீட்டுக்காரர் போர் வண்டிக்காரர். பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற அந்த வண்டியோடு ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று சுற்றியவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் போர் வண்டி போகாத சீமை இல்லை என்பார்கள். அப்படித்தான் ஒரு காண்ட்ராக்டர் மூலமாகக் கயானா என்கிற நாட்டுக்குப் போனார். அங்கே எசெகிபோ என்று கடல் மாதிரி ஓர் ஆறு. அந்த ஆற்றங்கரை ஊர்களில் குடிதண்ணீருக்குப் போர் போடுகிற வேலை. ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு பூமிக்குள் தண்ணீர் தேடுவானேன் என்று நான் போனில் கேட்டபோது, "அதக் குடிச்சா வயிறு போயிரும்மா" என்று சுருக்கமாகச் சொன்னார். நம் சனங்களுக்குப் புரியாத சங்கதியா இது!

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்த கூத்து எதுவும் விளங்காது. வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. இது ஊர் உலகத்தில் இருக்கிற வழக்கம்தான் என்றாலும், எங்கள் வீட்டில் அதற்குச் சட்டத்தைவிட மரியாதை அதிகம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் "தூரமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம், அவ்வளவுதான். செத்துப்போன என் மாமனார் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். ஒவ்வொரு தடவை அவர் வண்டி எடுக்கும்போதும் மாமியார் "தூரமுங்களா?" என்பாராம். அவர் "பக்கந்தான்" என்பாராம். சொல்லிவிட்டுப் போய் மாசக்கணக்கில் ஆளைக் காணாமல், கடைசியில் அஸ்ஸாம் டீத்தூள் மூட்டையோடு வந்து நிற்பாராம். எங்கள் குடும்பத்து அகராதியில் 'பக்கந்தான்' என்றால் இமயமலைக்கு இந்தப் புறம் என்று அர்த்தம்.

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறார். கயானாவுக்குக் கிளம்பிய அன்று, சட்டைப் பையில் பாஸ்போர்ட் பிதுங்கிக்கொண்டிருக்க, இவரும் அதையேதான் சொன்னார். மாமியார் "தூரமா சாமி?" என்று கேட்டார். "பக்கந்தாங்கம்மா." எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

குழாயைத் திறந்து அவர் வெளியே உருவியது ஒரு படம். கட்டிலின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் சொம்பும் தம்ளரும் வைத்து அமுக்கிய பிறகுதான் அது சுருளாமல் நின்றது. பழைய ஓவியம் ஒன்றின் அச்சு. அந்த நாட்டுத் தலைநகரில் ஓர் அருங்காட்சியகத்து வாசலில் வாங்கினாராம். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு திரிய முடியாத காலத்தில், அந்த ஆற்றை அளந்து எல்லை குறிக்க ஒரு கூட்டம் போயிருக்கிறது. போகிற வழியெல்லாம் பார்த்ததைப் பதிவு செய்து வைக்க ஐரோப்பாவிலிருந்து ஓர் இளம் ஓவியரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் வரைந்த படம் இது. கீழே இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் போனில் காட்டித் தமிழாக்கிப் படித்து இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

படத்தில் முக்கால் பங்கு ஆறுதான். பால் விடாத டீ நிறத்தில் தண்ணீர். நடுவில் பாறைகள், பாறையில் மோதுகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை. தூரத்தில் மலை, நாமக்கல் ரோட்டில் நின்று பார்த்தால் கொல்லிமலை காலையில் இருக்குமே, அதே நீலம். இடது கரையில் மரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. ஒரு மரத்தடியில் துணிக் கூடாரம், அடுப்புப் புகை, கூடாரத்துக்கு முன்னால் எறும்பளவில் மடியில் பலகை வைத்துக்கொண்டு ஓர் ஆள். அது அந்த ஓவியரேதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வலது ஓரத்தில் ஒரு நீளப் படகு. அதில் ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் படகு படத்தை விட்டே வெளியே போய்விடும்.

நான் நாள் முழுக்க நிறங்களோடு மாரடிக்கிறவள். புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் ஒரு நூல் நிறம் தப்பினாலும் கண் உறுத்தும். அந்தத் தண்ணீரில் அந்த மனுஷன் எத்தனை பழுப்பு வைத்திருந்தார் என்று பார்த்துப் பார்த்து மாளவில்லை. எனக்குக் கத்தரிக்கோல் ஆசை அந்த நிமிஷமே போய்விட்டது.

"இந்தப் பாறையிருக்குல்ல, இதுக்கு அக்கட்டால ரெண்டு வளைவு தாண்டுனா நாங்க போர் போட்ட ஊரு" என்று விரலை வைத்துக் காட்டினார் வீட்டுக்காரர். "தண்ணி அச்சு அசல் இதே நெறந்தான். எலை தழையெல்லாம் ஊறி ஊறி அப்பிடி ஆயிருது. கொசுவ மட்டும் இவன் வரையுல. வரைஞ்சிருந்தா ஆறே தெரிஞ்சிருக்காது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "இவனும் என்னாட்டம் கூலிக்குப் போனவந்தான். அங்க சும்மா குறிப்பெடுத்துக்கிட்டானாமா. இத்தாம் பெரிசா வரைஞ்சது ஊட்டுக்கு வந்த பொறவுதான். ஊட்டுக்கு வந்தாத்தான் அந்த ஆறே நல்லாத் தெரியும் போல."

அந்தப் பேச்சு எனக்குக் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. படம் எங்கே மாட்டுவது என்ற யோசனைக்கு நான் அப்போதே போய்விட்டேன்.

அவர் அனுப்பிய காசில், மரவள்ளி விளைகிற எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில் புது வீடு எழும்பி, வெள்ளையடிப்பு வரை வந்திருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது ஒன்றுகூட நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல் மிஷின் போட ஜன்னலோரம் கேட்டேன். அங்கே அரிசி மூட்டை வந்தது. சமையல்கட்டுக்கு இளம்பச்சை கேட்டேன். நங்கையாள் ரோஸ் அடிக்கச் சொன்னார். அதனால் ஹாலில் வடக்குச் சுவர் என்னுடையது, அதில் இந்த ஆறு ஓடும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேறு சுவரும் கிடையாது. கிழக்கே வாசல், தெற்கே மாடிப்படி, மேற்கே சாமி அறை.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வாஸ்துக்காரர் கடைசியாக ஒருதரம் வீட்டைப் பார்க்க வந்தார். படத்தைச் சுவரோடு பிடித்துக் காட்டினேன். முகமெல்லாம் மலர்ந்தார். "வடக்கு தண்ணிக்கு ஒசத்திங்க. தாராளமா மாட்டலாம்" என்றார். நான் மாமியாரைப் பெருமையாகப் பார்த்து முடிப்பதற்குள் வாஸ்துக்காரர் தலையைச் சாய்த்து இன்னொருமுறை படத்தைப் பார்த்தார். "ஆனா, ஓட்டம் எடதுல இருந்து வலதுக்கல்ல போவுது? வலது பக்கம் வாசலு. ஆறு ஊட்ட உட்டு வெளிய போற மாதிரி இருக்கப்படாதுங்க. இருக்கற செல்வமெல்லாம் அதோட போயிரும்."

இருக்கிற செல்வம் என்ன, வங்கிக் கடனும் குச்சிக்கிழங்கும்தான். அதை எடுத்துக்கொண்டு போகிற ஆறு போகட்டுமே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "வேண்டாம் அம்மிணி. அது வாசலப் பாத்துப் போவுது. எனக்குப் பாக்கவே ஆகல."

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரும் படத்துக்கு முன்னால் நின்று நியாயம் பேசினார்கள். டைல்ஸ் ஒட்ட வந்தவர் ஆறு வலதுக்குத்தான் ஓடுகிறது என்றார். பால் ஊற்றுகிறவர், இல்லை, மலை வலதுபக்கம்தான் உயரம், தண்ணீர் இடதுக்குத்தான் வரும் என்று மேடு பள்ளம் பார்த்துத் தீர்ப்பு சொன்னார். நங்கையாளோ, அது ஓடவே இல்லை, ஏரி என்றார். அந்த ஆற்றை இரண்டு வருஷம் தினம் பார்த்த மனுஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் வெற்றிலையை மென்றபடி வேடிக்கை பார்த்தார்.

நான் மட்டும் இவ்வளவு கோபமாக ஏன் சண்டை போட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் வந்ததிலிருந்து போன் வந்தபடி இருந்தது. கயானா காண்ட்ராக்டர்தான்; திரையில் பெயர் வருவதைப் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் இவர் மாடிக்குப் போய்விடுவார். அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது, ஆள் கேட்கிறார்கள் என்று வந்த புதிதில் ஒருதரம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. போகிறாரா, இருக்கிறாரா என்று கேட்க என் நாக்கு நுனி வரை வரும். கிளம்புகிறவரைத்தான் கேட்கக் கூடாது, இவர் இன்னும் கிளம்பவே இல்லையே என்று மனசு சொல்லும். கேட்டு, "பக்கந்தான்" என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வாயை அடைத்துவிடும். அந்த ஆத்திரத்தையெல்லாம் ஆற்றின் மேல் காட்டினேன். ஆற்றைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது.

சேலத்தில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் சிரித்தார். "இதுக்கா இத்தன பஞ்சாயத்துங்க? ஸ்கேன் பண்ணி, கண்ணாடில தெரியற மாதிரி திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தர்லாங்க. தண்ணி உள்ள வந்துரும். நெறையப் பேருக்கு நீர்வீழ்ச்சி அப்பிடிப் போட்டுக் குடுத்திருக்கறனுங்க."

எனக்கு வந்ததே கோபம். ஒரு ஜாக்கெட்டில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தால் அதை யாராவது போடுவார்களா? அந்த ஓவியர் காய்ச்சலும் கொசுவுமாகப் போய் உட்கார்ந்து, இந்தப் பாறை இந்தப் பக்கம் என்று பார்த்து வரைந்திருக்கிறார். நாம் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொத்தானை அமுக்கி அந்தப் பக்கம் தள்ளிவிடுவதா? அவருடைய கையெழுத்துகூட இடம் வலமாகப் புரண்டுவிடாதா? கடைக்காரர் மிரண்டுபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், "பாறை இருக்கற பக்கமே இருக்கட்டுங்க. அத நானே பாத்திருக்கறன்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தேக்குச் சட்டம் போட்டு, பழைய போர்வை சுற்றி, அப்படியே பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தோம்.

மாமியார் சட்டத்தைப் பார்த்தார், சண்டை போடவில்லை. "செரி, கருப்பணாரைக் கேட்டுப்போடலாம்" என்றார். கருப்பணார் எங்கள் ஊர்க் காவல் சாமி.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, காடு வாங்குவது எதுவாக இருந்தாலும் பூப் போட்டு வாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, செவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. செவப்பு வந்தால் கூடாது. என் வீட்டுக்காரர்கூட ஊரில் யாருக்காவது போர் போடுவதற்கு முன் அவர்கள் வாக்குக் கேட்டு வரும்வரை வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பார். ஆனால் தென் அமெரிக்க ஆற்றுக்காகக் கருப்பணார் வாக்குச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்ன காரியமுங்க?" என்று கேட்டார் கோயில் பூசாரி.

"ஊட்டுல ஒரு ஆறுங்க" என்றார் மாமியார். "அது வாசலப் பாத்து ஓடுது. இருக்கலாமா கூடாதான்னு கேக்கோணும்."

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "எந்த ஆறுங்க? திருமணிமுத்தாறா? அதுன்னா வெளியவே போவட்டுமுங்க. சாயத்தண்ணி வந்து நொரையாத் தள்ளுது."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் பொறுமையாக, இது படத்தில் ஓடுகிற ஆறு, கடலுக்கு அப்பால் இருப்பது என்று விளக்கினார். அது கருப்பணாரின் எல்லைக்குள் வருமா என்று பூசாரிக்கு ஒரு சந்தேகம். ஊட்டுச் செவுத்துல மாட்டுறதுதானே, ஊடு இவரு எல்லைதானே என்று மாமியார் தீர்த்துவைத்தார். மொட்டையடிக்க வந்திருந்த குடும்பத்தில் ஒரு சின்னப்பெண் முறுக்கைக் கடித்தபடி வந்து, ஒரு பொட்டணத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். நந்தியாவட்டை, பளீரென்று வெள்ளை.

நான் ஜெயித்துவிட்டேன். கருப்பணார் என் பக்கம். வழி நெடுக என் வாய் ஓயவில்லை. சாமியே சொல்லிவிட்டது, வாஸ்துக்காரர் இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவார் என்று பேசிக்கொண்டே நடந்தேன். மாமியார் முகம் மட்டும் தெளியவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சாமி தப்பாச் சொல்லுல. நாந்தான் கேக்க வேண்டியதக் கேக்குல" என்று தனக்குத்தானே சொன்னார். ஜெயித்த மிதப்பில் எனக்கு அது தோற்றவர் பேச்சாகத்தான் பட்டது.

கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. ஒறம்பரை சனம், சொந்தபந்தமெல்லாம் வந்து வீடு நிறைந்துவிட்டது. ஐயர் சொன்னபடி மாட்டையும் கன்றையும் முதலில் உள்ளே விட்டோம். மாடு ஹாலுக்குள் வந்து, வடக்குச் சுவரைப் பார்த்து நின்றது. நகரவில்லை. இழுத்தார்கள்; தட்டினார்கள்; அது ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் அந்த இடத்திலேயே தாராளமாக மூத்திரம் பெய்தது. நங்கையாள் கைகொட்டிச் சிரித்தார். "நல்ல சகுனம்! தண்ணியக் கண்டதும் அதுக்கும் வந்துருச்சு பாரு!" ஏரி என்று சொன்ன வாயாலேயே நல்ல சகுனம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இதுவும் ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

பந்தி முடிந்து, சாயங்காலத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வாடகை அண்டாக்களையெல்லாம் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தேன். மாமியார் தனியாகப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மாடியில் வீட்டுக்காரர் போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்கத்தே, இன்னும் என்னங்க?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். "சாமி சொல்லியாச்சு, மாடும் சொல்லியாச்சு. தண்ணி வெளிய போனாப் போவட்டுமே."

அவர் திரும்பவில்லை. "தண்ணிய ஆரு கேட்டா அம்மிணி? தண்ணி எப்பிடியோ போவட்டும்." விரலை எடுத்து வலது ஓரத்தில், கண்ணாடியின் மேல் படாமல் வைத்தார். "இவம் போறானே. மூஞ்சியக் கூடக் காட்டாம, வாசலப் பாத்து. எனக்கு இந்த முதுவு தெரியும். கட்டுன நாள்ல இருந்து முதுவையே பாத்துட்டிருக்கறன். மொதல்ல உம்மட மாமன் முதுவு, அப்பறம் இவன் முதுவு. புது ஊட்டுச் செவுத்துலயும் அதையே மாட்டி வெச்சிட்டீங்க."

ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, "இல்லீங்கத்தே, அந்தப் படகு ஆத்தோட போவுதுங்க. ஆத்தோட போனா கடலு. அங்க கப்பலு நிக்கும். அவிங்க வேலை முடிஞ்சு ஊட்டுக்குத் திரும்பறாங்க" என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

"அது அவிங்க ஊடு" என்றார் மாமியார். "நம்ம ஊட்டுல நின்னு பாத்தா, போறவந்தானே?"

இத்தனை நாளும் நானும் அவரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கரையில் நின்று ஓர் ஆற்றுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு அவர் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. என் மேல் வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பந்தியில் பரிமாறிய சாம்பார் வாசனை அந்தக் கையில் இன்னும் இருந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, கையில் வண்டிச் சாவியைச் சுழற்றியபடி இறங்கி வந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். எங்களுக்கு முதுகு தெரிந்தது. மாமியார் என் கையை இறுக்கிக்கொண்டு, சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"தூரமா சாமி?"

அவர் நின்றார். "பக்கந்தா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நிற்பதைப் பார்த்தார். பின்னால் படத்தையும், அதில் கோல் ஊன்றி நிற்கிறவனையும் பார்த்தார். சாவி சுழல்வது நின்றது.

"இப்பப் போறது பக்கந்தாங்கம்மா. அண்டா திருப்பிக் குடுக்கறக்கு, ஆட்டையாம்பட்டிக்கு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டடி வந்தார். "நீங்க கேக்கறது தூரமுங்கம்மா. ரொம்பத் தூரம். அதனாலதான் அதுக்குப் போகுல."

மாமியாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த வீட்டு ஆண் வாயிலிருந்து 'தூரம்' என்கிற சொல்லை அவர் வாழ்நாளில் அன்றுதான் கேட்டிருக்கிறார். "போகுலியா?" என்றார், குழந்தை மாதிரி.

"போன மாசமே முடியாதுன்னு சொல்லியாச்சுங்க. எனக்குப் பதிலா ஒரு ஆளப் புடிச்சுக் குடுன்னாங்க. அதுக்குத்தான் இந்தப் போனெல்லாம். இன்னிக்குத்தான் ஒருத்தன் செரின்னான்."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீரும் வந்தது, அதைவிட வேகமாகக் கோபமும் வந்தது. போன மாசமே முடிந்துபோன காரியத்துக்கா வாஸ்துக்காரர், பால்காரர், பிரேம் கடை, கருப்பணார் கோயில் என்று அலைந்தோம்? "கட்டுனவகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணுலீங்களா?" என்று கத்தினேன்.

"நீ கேக்கவே இல்லியே" என்றார் அவர். "ஆறு எந்தப் பக்கம் போவுதுன்னு ஊரே பேசுச்சு. நான் எந்தப் பக்கம்னு ஒருத்தரும் கேக்குல. எந்நேரமும் கேப்பீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

நான் பதிலுக்கு எதையாவது தூக்கி எறியலாமா என்று தேடினேன். புது வீட்டில் கைக்கெட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையின் ஈரமில்லாத நுனியால் படத்தின் கண்ணாடியையும் ஒருதரம் துடைத்தார். வலது ஓரத்தில் கொஞ்சம் அழுத்தியே துடைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பறமென்ன" என்றார். "அது எந்தப் பக்கம் வேணாலும் ஓடிட்டுப் போவட்டும்."